மேல்தட்டு கிட்ஜி

ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த கிட்ஜி மரத்துண்டுக்கு அலமாரியில் இருப்பே கொள்ளவில்லை. பேனா கடைகிற சவரிராயன் எட்டு மாதம் கடிதம் மேல் கடிதம் போட்டு அதை வரவழைத்திருந்தார். வந்ததும் முகர்ந்து பார்த்தார், வெடிக்காமலிருக்க முனைகளில் மெழுகு தடவினார், மேல்தட்டில் வைத்தார். அதோடு சரி.

கடைசல் எந்திரம் உறுமும்போதெல்லாம் கிட்ஜி, "இன்றைக்கு என் முறைதானே?" என்று கேட்கும்.

"முதலில் உளியைச் சோதித்துப் பார்க்கிறார். நேராக உன்மேல் வைத்துக் கெடுத்துவிட்டால் என்ன செய்வார்?" என்றது எந்திரம். அதன் பிடியில் வேலியோரத்துக் கருவேலங்கட்டை ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் அந்தக் கருவேலங்கட்டை பேனாவாகி அவர் சட்டைப்பையில் ஏறிவிட்டது. மறுநாள் அது மேசையில் கிடந்ததைப் பார்த்ததும் கிட்ஜிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, உங்களை வைத்து என்ன எழுதினார்?"

"ஆஸ்திரேலியாவுக்குத்தான் கடிதம், தம்பி. உன்னைவிட அபூர்வமான கட்டை ஒன்று இருக்கிறதாம், அனுப்பச் சொல்லியிருக்கிறார்."

"என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையா?"

"எழுதாமல் என்ன? கடைசி வரியே நீதான். முன்பு அனுப்பியது அப்படியே பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்."