தள்ளுவண்டிக்கு அந்தப்பக்கம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு படம் வரைஞ்ச கதை சொல்றேன். சின்னக் கதைதான். முடியிறதுக்குள்ள யாரும் எழுந்து போயிடாதீங்க.

டெய்லர் அன்றைக்கும் காலால் தரையை மிதித்துக்கொண்டுதான் வரைந்துகொண்டிருந்தார்.

புதிதாகப் படம் வரையக் கற்றுக்கொள்பவர்களுக்கு, அச்சகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கிற வகுப்பு அது. மனிதருக்கு அறுபது தாண்டியிருக்கும். பென்சிலைத் தொட்டால் போதும், வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அழுத்தியது அழுத்தியபடி இருக்கும். கோட்டைப் போட்டு முடிக்கும்வரை எடுக்க மாட்டார்.

"தையல் மிஷின் பழக்கம் விடல பாருங்க" என்று பக்கத்து மேஜைப் பல் டாக்டரம்மா முதல் வாரமே வைத்த பேர்தான் டெய்லர். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

முதல் பாடம் ஒரு தெரு. எதையும் பார்த்து வரையக் கூடாது, மனதிலிருந்து வர வேண்டும். தூரம் போகப் போகத் தெரு குறுகி, கடைசியில் ஒரு புள்ளியில் போய் மறைய வேண்டும். மற்றவர்கள் அதை மூன்றே வாரத்தில் முடித்துவிட்டுப் பழம், பாத்திரம், முகம் என்று போய்விட்டார்கள். டெய்லர் ஒன்பது மாதமாக அதே தெருவில் நிற்கிறார்.

தெருவும் ஒரே தெருதான். ஓரத்தில் மூட்டை அடுக்கிய ஒரு தள்ளுவண்டி. அதற்கு அந்தப்பக்கம் ஒரு பிள்ளை நிற்கிறதாம். ஆனால் எந்தத் தாளிலும் அந்தப் பிள்ளை இருக்காது.

"பிள்ளை எங்க சார்?" என்று டீச்சர் கேட்பாள். மகள் வயதுதான் அவளுக்கு.

"இருக்கு டீச்சர். வண்டி மறைக்குது."

"சொத்தைப் பல்லுகூட எக்ஸ்ரேல தெரிஞ்சிடும். டெய்லர் பிள்ளை அதுலயும் தெரியாது" என்பார் பல் டாக்டரம்மா. வகுப்பே சிரிக்கும்.

அன்றைக்கு டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடலாம் சார். எனக்கே பாவமா இருக்கு."

"இந்த ஒண்ணு மட்டும் சரியா வந்துட்டாப் போதும் டீச்சர். வேற எதுவும் எனக்கு வரைய வேண்டாம். ராத்திரி படுத்தா தூக்கம் வரும்."

"பிள்ளை மறைஞ்சே தீரணுமா?"

"மறைஞ்சுதான் இருக்கணும். என் படத்துல எல்லாம் மறையத்தான் செய்யுது. ஆனா தெரு ஒரு மட்டம், வண்டி ஒரு மட்டம்னு நீங்க ஒவ்வொண்ணையும் தப்புன்னு சுழிச்சிடறீங்க. தப்புப் படத்துல மறைஞ்சு எனக்கு என்ன பிரயோஜனம்?"

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள். "வண்டி என்ன உயரம்?"

"மூட்டையோட மூணரை அடி."

"பிள்ளை?"

"அதுவும் மூணரை அடி." அளந்து பார்த்தவர் மாதிரி சொன்னார்.

"பார்க்கிற உங்க கண்ணு? தரையிலேருந்து எத்தனை அடியில இருக்கு?"

ஒன்பது மாதத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "ஏழடி இருக்கும்."

"ஏழடியா? மிஷினை மேஜை மேல தூக்கி வச்சுத் தைப்பாரு போல" என்றார் பல் டாக்டரம்மா.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். நீங்க கண்மட்டக் கோட்டை மூணடியில போட்டு வச்சிருக்கீங்க. தரையில உட்கார்ந்திருக்கிறவன் பார்க்கிற தெரு இது. கோட்டை ஏழடிக்கு ஏத்துங்க. நம்ம கண்ணுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் தள்ளிப் போகப் போகப் படத்துல மேல ஏறும், ஞாபகம் இருக்கில்ல?"

அவர் ஸ்கேலை வாங்கினார். கால் தரையை அழுத்தியது. கீழே அச்சு மிஷின் ஓடி மேஜை லேசாக நடுங்கியும், கோடுகள் பிசகாமல் விழுந்தன. தெரு வந்தது, வண்டி வந்தது, மூட்டைகள் வந்தன. வண்டிக்கு அந்தப்பக்கம் பிள்ளையின் பாதத்துக்குப் புள்ளி வைத்து, உயரத்தை அளந்து குறித்தார்.

மூட்டைக்கு மேலே ஒரு விரல் அகலம் மிச்சம் வந்தது.

அழித்தார். மறுபடி அளந்தார். அதே ஒரு விரல். மூன்றாவது தடவை டீச்சரே ஸ்கேலை வாங்கி அளந்து பார்த்தாள். அவளுக்கும் அதே ஒரு விரல்தான் வந்தது.

அந்த ஒரு விரல் இடத்தில் தலைமுடியை அவரே வரைந்தார். அப்புறம் சிவப்புப் பென்சில் கேட்டு வாங்கி, முடியில் ஒரு ரிப்பன் வைத்தார்.

டீச்சர் தாளின் மூலையில் பெரிதாக ஒரு 'சரி' போட்டாள். "இதுல ஒரு கோடு தப்பில்ல சார். பாருங்க, பாப்பாவும் வெளிய வந்துட்டா."

"தெரியறாளா டீச்சர்?"

"நல்லாத் தெரியறா. பார்க்கணும்னு பார்த்தா யாருக்கும் தெரிவா."

"தெரிஞ்சிருக்க வழியே இல்லைன்னுதானே விசாரணையில எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்னை வீட்டுக்கு அனுப்புனாங்க" என்றார் அவர், ரிப்பனைப் பார்த்தபடியே.

பென்சில் கையை விட்டு உருண்டு போயிருந்தது. கால் மட்டும் இன்னும் தரையை விட்டு எழவில்லை. அழுத்தியது அழுத்தியபடியே இருந்தது.

பல் டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னார். "விடுங்க டெய்லர். அதான் படம் முடிஞ்சிடுச்சே, மிஷினை நிறுத்துங்க."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"மிஷின் இல்லம்மா. பஸ்ஸு பிரேக்கு."

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. உங்க வீட்டுல தெருவுக்கு விளையாடப் போன பிள்ளையும், வண்டி ஓட்டப் போன மனுஷனும் பொழுது சாயறதுக்குள்ள நல்லபடியா வாசல் மிதிக்கட்டும்.