வாசல் விளக்கின் நிரல்

மனைவியின் ஃபோன் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் வாசல் விளக்கு எரியும்படி கம்ப்யூட்டரில் ஒரு நிரல் எழுதியிருந்தேன். அது அடிக்கடி பிங் கட்டளையை ஓட்டி, அவள் ஃபோன் பதில் தருகிறதா என்று பார்க்கும். அவள் இறந்ததும் ஃபோனை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஆனாலும், அவள் வேலை முடிந்து வரும் நேரத்தில் விளக்கு எரிகிறது.

அதே கட்டளையை நானே தட்டச்சு செய்தால் பதில் இல்லை. நிரல் ஓட்டினால் வருகிறது.

“உங்க கம்ப்யூட்டருக்கு இன்னும் சேதி சொல்லலையா, மாப்பிள்ளை?” என்றார் மாமியார். “எடுத்துடுங்க. தெனம் ஓடிப்போய் கதவைத் தொறக்கறேன், யாருமில்ல. என்னால முடியல.”

இன்று விளக்கு எரிந்ததும் நிரலை நிறுத்தி அழித்தேன். விளக்கு அணைந்தது.

கதவுக்கு வெளியே, கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது.