முன்பக்க லிஃப்ட்

வேலைக்காரர்களுக்கென்று அந்தக் குடியிருப்பின் பின்பக்கம் தனி லிஃப்ட் இருந்தது. அது பழுதான அன்று, "அந்த முட்டியை வெச்சுக்கிட்டு எட்டு மாடி ஏறுவியா? என்கூட வா" என்று, தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பவுனம்மாவை முன்பக்க லிஃப்டில் ஏற்றிக்கொண்டாள் சுகுணா. தன் நல்ல மனசை நினைத்து அவளுக்கே கண் கலங்கியது. ஐந்தாவது மாடி தாண்டியதும் விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு முழம் கீழே நழுவி நின்றது. தலைக்கு மேலே எங்கோ இரும்பு முனகியது. சுகுணாவுக்கு மூச்சு அடைத்தது. "தண்ணி குடிங்கம்மா" என்று பவுனம்மா தன் பாட்டிலை இருட்டில் நீட்டினாள். யார் வீட்டிலும் அண்ணாந்தே குடிக்கும் சுகுணா, அதை வாய் வைத்து உறிஞ்சினாள். லிஃப்ட் மறுபடி நழுவியது. கைக்கு அகப்பட்ட கையை இறுகப் பற்றினாள்.

"செத்துருவோமா பவுனு?"

"தெரியலம்மா. நான் இருக்கேன்."

எவ்வளவு நேரமோ. சட்டென்று விளக்கு எரிந்தது, லிஃப்ட் மெல்ல இறங்கியது, கதவு திறந்தது. வெளியே குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரியும் அவர் மனைவியும், பின்னால் நாலைந்து குடித்தனக்காரர்களும். எல்லார் கண்ணும் முகத்திலிருந்து கீழே இறங்கியது.

"கையை விடு" என்றாள் சுகுணா, சிரித்த முகம் மாறாமல், பல்லுக்குள்.

"நான் அப்பவே விட்டுட்டேம்மா."

சுகுணா குனிந்து பார்த்தாள். பவுனம்மாவின் மணிக்கட்டைச் சுற்றி வெளுத்துப்போயிருந்தன தன்னுடைய விரல்கள். பிரிக்கப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. யாரும் ஏறாததால், கதவு தானாக மூட ஆரம்பித்தது.