பூட்டுச் சத்தம்

"அடுத்த வாரமும் இது ஊளையிட்டா, நான் கமிட்டி வண்டிக்குச் சொல்லிடுவேம்மா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்கோ."

பக்கத்து வீட்டு சேஷன் இதைச் சத்தம் போடாமல்தான் சொன்னார். அதனாலேயே அம்சவேணிக்கு இன்னும் பயமாக இருந்தது. நாய் பிடிக்கும் அந்த வண்டி மோதி பாக் காலனிக்கு வந்து ஏற்றிக்கொண்டு போன எந்த நாயும் திரும்பியதில்லை.

"எங்கப்பா நாள் முழுக்க வீட்டுலதான் இருக்கார். வயசானவர். அதை விடுங்கோ, வாயில்லா ஜீவனைத் தனியா வச்சுப் பூட்டிட்டுப் போறேளே, பாவமில்லையா?"

அம்சவேணியும் கணவன் கலியமூர்த்தியும் காலையில் முதல் ஆளாக ஓடி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆபீஸ். சேஷனும் அவர் மனைவியும் ஸ்கூட்டரில் போகிறவர்கள். இவள் கிளம்பும்போது அவர்கள் வீட்டில் காபி மணக்கும். திரும்பும்போது ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்.

முன்பு அம்சவேணியின் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் மாற்றலாகிப் போனபோது விட்டுவிட்டுப் போன நாய் ஷேரு. இவர்கள் சாமானோடு வந்து இறங்கிய அன்று, பூட்டிய கதவைப் பார்த்தபடி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது.

மிருக டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அடிக்காதீர்கள், அதற்குத் திமிர் இல்லை, பயம் என்றார் அவர். பூட்டுச் சத்தம் கேட்டால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைக்கிறது. பூட்டிவிட்டு உடனே திரும்பி வாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். வருவார்கள் என்று அது நம்பவேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்சவேணி பூட்டினாள், படி இறங்கினாள், ஏறி வந்து திறந்தாள். எதிர்ப்பட்ட சேஷன், "என்னம்மா, பூட்டுக்கு எண்ணெய் போட்டுப் பாக்கறேளா?" என்று சிரித்தார்.

மறுநாள் ஊளையே இல்லை என்று கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரி சொன்னாள். அதற்கடுத்த நாளும் இல்லை.

டாக்டர் சொன்னது இவ்வளவு சீக்கிரம் பலிக்குமா? ஷேரு ராத்திரிச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பின்பக்கத்து பால்கனியைப் பெருக்கும்போது ஒரு ரஸ்க் துண்டு அகப்பட்டது. அவர்கள் வீட்டில் ரஸ்க் வாங்குவதே இல்லை.

போன மாதம்தான் பின் பிளாக்கில் ஒரு நாய், யாரோ போட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு வாயில் நுரையோடு கிடந்தது. போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு வீட்டு பால்கனிகளுக்கும் நடுவில் ஓட்டை ஓட்டையாகச் செங்கல் வைத்துக் கட்டிய சுவர். பகலில் அந்தப் பக்கம் இருப்பது சேஷனின் அப்பா ஒருவர்தான்.

"ஊளை நின்னுச்சுல்ல, விடு," என்றான் கலியமூர்த்தி. "பெரியவரைப் போய்ச் சந்தேகப்பட்டுக்கிட்டு."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அனல் காற்றில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். படிக்கட்டில் ஈ எறும்புச் சத்தம்கூட இல்லை. பூட்டைத் திறந்து, "ஷேரு," என்று கூப்பிட்டாள்.

வழக்கமாகப் பாய்ந்து வருவது வரவில்லை.

பால்கனிச் சுவரோரம் அது நீட்டிப் படுத்துக் கிடந்தது. வாயருகே ரஸ்க்.

அப்போது வாலின் நுனி லேசாக ஆடியது.

சுவரின் ஓட்டை வழியே நரம்பு புடைத்த ஒரு கை நீண்டு, அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தது.

"அழப்படாது. பூட்டிண்டு போனவா சாயங்காலம் வந்துடுவா. அதுவரைக்கும் நான் இங்கேதானே இருக்கேன்? எங்கே போகப் போறேன், சொல்லு."

அம்சவேணி கூசிப் போனாள். இந்த மனிதரையா அப்படி நினைத்தோம் என்றிருந்தது. நேரில் பார்த்து ஒரு கும்பிடு போட்டால்தான் மனசு ஆறும். வந்த வழியே வெளியே போய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்.

கதவில் பெரிய பூட்டு தொங்கியது.

தட்டாமலே நின்றாள். பிறகு மெதுவாக, "ஐயா, பக்கத்து வீட்டு அம்சவேணிங்க," என்றாள்.

உள்ளே கால்கள் தரையில் உரசி உரசி வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன.

"சாவி சேஷன்கிட்ட இருக்கும்மா. சாயங்காலம்தான் வருவான்." குரலில் கோபமே இல்லை. "எனக்குப் பழகிடுத்து. பாவம், அதுக்குத்தான் இன்னும் பழகலை."