பாட்டு நின்ற இடம்

"எழும்பூர்... சேத்துப்பட்டு... நுங்கம்பாக்கம்..." என்று ராகம் போட்டுப் பாடிக்கொண்டே அவன் முகத்துக்குச் சோப்பு தேய்த்தான்.

பாட்டில் சைதாப்பேட்டை வந்தபோதுதான் உறைத்தது.

இது அவன் போதையை விடத் தங்கியிருந்த மறுவாழ்வு இல்லம் இல்லை. உறையூரில் மச்சான் வீடு.

குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போடவில்லை.

வெளியே கூடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. அவன் மனைவி செண்பகமும் அவள் அண்ணன் தனபாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு வந்தவளைக் கூப்பிட்டுப் போக வந்த மாப்பிள்ளை, கதவைச் சும்மா சாத்திக்கொண்டு ரயில் நிலையங்களைப் பாடுகிறான். நல்ல லட்சணம்.

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. வெட்கப்பட வேண்டிய காரியங்களையெல்லாம் வேறு குளியலறைகளில் செய்து முடித்தாயிற்று.

இல்லத்தில் எந்தக் குளியலறைக்கும் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாட வேண்டும். பாட்டு நின்றால் வெளியே இருப்பவர் உடனே கதவைத் தட்டுவார். அதுதான் அங்கே வழக்கம். மற்றவர்கள் சாமி பாட்டும் சினிமா பாட்டுமாகப் பாடினார்கள். இவனுக்கு எந்தப் பாட்டும் இரண்டு வரிக்கு மேல் தெரியாது. தினமும் வேலைக்குப் போன ரயில் பாதை தெரியும். அதையே பாடினான். தாம்பரம் வருவதற்குள் குளித்து முடித்துவிடுவான்.

இங்கேயும் வாய் தானாகப் பாடிவிட்டது. பாடட்டும். காலையில் வந்து இறங்கியதும் செண்பகம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். சென்னைக்கு வருகிறேனா இல்லையா என்று சாப்பிட்ட பிறகு சொல்கிறேன். தனபால் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "திருந்திட்டேன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க மாப்ள."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவனும் முன்பு அப்படிச் சொன்னவன்தான்.

கிண்டி. பரங்கிமலை.

பேன்ட் பையில் போன் அதிர்ந்தது.

பட்டன் போன். படம் வராது, ஆப் வராது என்றுதான் அதை வாங்கினான். குறுஞ்செய்தி வரும் என்பதை மறந்துவிட்டான்.

எடுத்துப் பார்த்தான். பெயர் இல்லை, எண் மட்டும். பெயரை அழித்தது சுலபமாக இருந்தது. எண் இன்னும் மனப்பாடம்.

'சென்னைல இருக்கியா? இன்னைக்கு ரெண்டும் ரெடி.'

ரெண்டும் என்றால் போதைப் பொடி ஒன்று. பொடியைச் சுற்றிக் கூடுகிற, பெயர் கேட்காத உடம்புகள் இன்னொன்று. அவனுக்கு அவை தனித்தனியாக வந்ததே இல்லை. ஒன்று வாசலில் நின்றால் மற்றது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும்.

வாய் உலர்ந்தது. கழுத்துக்குப் பின்னால் சூடு ஏறியது. அவன் படித்து முடிப்பதற்கு முன்பே உடம்பு படித்துவிட்டது.

பாட்டு நின்றது.

குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் காத்திருந்தான். பிறகுதான் புரிந்தது. இங்கே யாரும் தட்ட மாட்டார்கள். இவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது.

அழித்துவிடலாம். ஒரு பட்டன்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் இட்லி சாப்பிடலாம். செண்பகம் சரி என்றுகூடச் சொல்லிவிடுவாள். யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாது. அவனுடைய நோய்க்கு அதைவிடச் சரியான பெயரை எந்த டாக்டரும் சொல்லவில்லை.

பயமாக இருந்தது. இந்தச் செய்தியைப் பார்த்தால் அவள் வராமலே போகலாம். தனபால் 'பாத்தியா' என்பார். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. இவ்வளவு தெளிவாக அவன் எதையும் தெரிந்துகொண்டதில்லை.

குழாயை மூடினான்.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினான்.

"என்ன மாப்ள? கதவு திறந்துதான கெடக்கு?" தனபாலின் குரல்.

"தெரியும் மச்சான்."

மறுபடியும் தட்டினான்.

"போன்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு. பழைய எடத்துலேருந்து. தனியா வச்சுக்கிட்டு நிக்கிறது எனக்கு நல்லதில்ல."

சொல்லிவிட்டான். கண்ணோரத்தில் சோப்பு எரிந்தது.

வெளியே நாற்காலி ஒன்று நகர்ந்தது. தனபால்தான் எழுந்து வருகிறார் என்று நினைத்தான்.

"நீ உக்காருண்ணா," என்றாள் செண்பகம். "அவரு என்னையத்தான் கூப்புடுறாரு."