முதல் வரிசை ஆன்டி

"இன்னும் அஞ்சு வருஷத்துல அச்சகம்னு ஒண்ணே இருக்காது!"

பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் மின்னூல் மென்பொருள் வகுப்பைத் தொடங்கிய கையோடு முழங்கினார் ஐங்கரன். "லேப்டாப்பைத் திறங்க. எங்க அமுக்கணும்னு நோட்ஸ்ல பன்னிரண்டாம் பக்கம் படம் போட்டிருக்கேன்."

முப்பது பேரும் புரட்டினார்கள். முதல் வரிசை நிரஞ்சனி ஆன்டி மட்டும் கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"தமிழ் எழுத்து உடையாதா சார்? அட்டையும் நாமே போட்டுக்கலாமா? அச்சடிக்கவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம் ஆன்டி!"

ஒவ்வொரு பதிலுக்கும் ஆன்டியின் முகம் வாடியது. ஆனாலும் மதியத்துக்குள் எல்லாருக்கும் முன்னால் ஒரு மின்னூலை முடித்துவிட்டார். ஐங்கரனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பிரமாதம்! என்ன புத்தகம் போடப்போறீங்க?"

"நான் எங்க சார் எழுதறேன்? கிள்ளான்ல அச்சகம் வச்சிருக்கேன். கடையை மூடிடணுமோன்னு பயந்துபோய்ப் பார்க்க வந்தேன்."

ஐங்கரன் நெளிந்தார். "சாரி ஆன்டி..."

"பரவால்ல லா, இதோட கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் பயம் போயிருச்சு." ஆன்டி நோட்ஸைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். "மாசாமாசம் நீங்க வாட்ஸ்அப்ல ஆர்டர் கொடுக்க, இதை அடிக்கிறது நான்தான். அடுத்த வகுப்புக்கும் முப்பது காப்பி போதுமா?"