ஹேவ் போட வேண்டிய இடம்

"உங்கள் கணவரை முதன்முதலாக எங்கே சந்தித்தீர்கள்?"

கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. பகவதிக்குக் கணவன் அழகுமுத்துவின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. இங்கிலீஷ் வகுப்புச் சாத்தப்பன் மாஸ்டர் மேசையில் தட்டும் அடிமட்டம்தான் வந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் வீசா அதிகாரி, ஒரு வெள்ளைக்கார அம்மையார். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கும் ஸமீமா, முக்காட்டைச் சரிசெய்தபடி வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார். "தமிழ்ல பேசுங்க, நான் சொல்லிக் குடுக்கிறன்" என்று அவர் முதலிலேயே சொல்லிப் பார்த்தார்.

"தேவையில்லைங்க மேடம். இங்கிலீஷ்லயே சொல்றேன்" என்றுவிட்டாள் பகவதி. அது மாஸ்டரின் கட்டளை. இங்கிலீஷில் சொன்னால்தான் நம்புவார்கள்.

நம்பத்தான் வேண்டும். கொழும்பில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் தாலி கட்டிய கையோடு லண்டனுக்குப் போனவன் அழகுமுத்து. 'இது உண்மையான கலியாணமாகத் தெரியவில்லை' என்று ஒருமுறை வீசாவை மறுத்தாயிற்று. இன்னொரு முறையும் மறுத்தால், போனில் கேட்கும் குரலோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

அதற்காகவே வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினாள். காலி வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் மாஸ்டரின் வகுப்பு. வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாருக்கும் புருஷன் லண்டனில். மாஸ்டர் ஒரு வரி சொல்ல, வாங்கு முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். கரண்ட் கம்பியில் இருந்த காகம் எழும்பிப் போகும்.

"சிம்பிள் பாஸ்ட் எண்டால் என்ன? கடையைப் பூட்டியாச்சு, திறப்பும் முதலாளியின்ர பைக்குள்ள வீட்டுக்குப் போயிட்டுது. எங்கே, எப்ப எண்டு கேட்டால் அதுதான். பிரசன்ட் பெர்ஃபெக்ட் எண்டால், கடை காலமை திறந்தது, இப்பவும் திறந்துதான் கிடக்குது. எவ்வளவு காலமா எண்டு கேட்டால் உடனே ஹேவைப் போடுங்கோ!"

"அப்ப, 'ஐ லவ்ட் ஹிம்'னு மட்டும் சொன்னா மாஸ்டர்?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்த கண்ணாத்தாள்.

"மனுசன் செத்துப் போனான், இல்லாட்டி உமக்கு அலுத்துப் போச்சுது. ரெண்டுக்கும் வீசா இல்லை!"

வகுப்பே சிரித்தது. இப்போது பகவதிக்குச் சிரிப்பு வரவில்லை. சற்றுமுன்தான் கண்ணாத்தாள் இதே அறையிலிருந்து முகம் தொங்கிப்போய் வெளியே வந்தாள். "ஹேவ் எல்லாம் சரியாத்தான் போட்டேன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். எங்கேயோ ஒன்றை விட்டிருப்பாள் என்று பகவதி நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி காத்திருந்தார். எங்கே என்று கேட்கிறார். பூட்டிய கடை. ஹேவ் வேண்டாம்.

பூட்டிய கடை என்றதும் அழகுமுத்து வேலைபார்த்த கடையே கண்ணில் வந்தது. புறக்கோட்டையில் போன் திருத்தும் கடை. மூன்றாவது தடவையும் செத்துப்போன போனை அவன் முன்னால் எறிந்து, "இதைத் திருத்தத் தெரியலைன்னா சோடா விக்கப் போ!" என்று அவள் கத்தியதும், அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு அன்று பின்னேரம் அவனே அந்தப் போனுக்கு அழைத்து, "இப்ப கேக்குதா?" என்றதும் நினைவுக்கு வந்தன. இதையெல்லாம் இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? சண்டையில் தொடங்கிய கலியாணம் என்றால் யார் நம்புவார்கள்?

நல்லவேளை, வகுப்பில் சொல்லிப் பழகிய வேறு வரிகள் நாக்கில் தயாராக இருந்தன.

"ஐ மெட் ஹிம் அட் மை கசின்ஸ் வெடிங். ஹீ வோர் எ ப்ளூ ஷர்ட். ஹீ கேவ் மீ எ கிளாஸ் ஒஃப் வோட்டர்."

சொந்தக்காரர் கலியாணம், நீலச் சேட்டு, ஒரு கிளாஸ் தண்ணீர். மூன்றும் முடிந்துபோனவை. மூன்றிலும் வினை சரி.

அதிகாரியின் பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பகவதி சொன்னதை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். எங்கே பிழைவிட்டோம்? கிவ், கேவ், கிவன். கேவ்தானே?

"எவ்வளவு காலமாக அவரை நேசிக்கிறீர்கள்?"

வந்துவிட்டது! கண்ணாத்தாளை விழுத்திய குழி இதுவாகத்தான் இருக்கும். தொடங்கியது அன்று, இன்னும் திறந்தே கிடக்கிறது.

"ஐ ஹேவ் லவ்ட் ஹிம் சின்ஸ் தட் டே."

ஹேவ் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சின்ஸும் பிசகவில்லை. லண்டன் விமான நிலையத்தில் அழகுமுத்து கையசைப்பதுகூட அவளுக்குத் தெரிந்தது.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, ஸமீமாவின் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ சொன்னார். ஸமீமா உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா, இரக்கமா என்று தெரியவில்லை.

"இங்கிலீஷ்ல பிழை ஏதும் விட்டுட்டேனாங்க மேடம்?"

"இங்கிலீஷ்ல ஒரு பிழையும் இல்ல தங்கச்சி" என்றார் ஸமீமா. "ஆனா இன்டைக்குக் காலையில இருந்து, அந்த நீலச் சேட்டு மாப்புள்ளைக்கு நீங்க நாலாவது பொஞ்சாதி."